பித்தளைத் தவளை

கையெழுத்துப் போட மாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறீர்கள். நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில் ஏமாறக் கூடாது. அந்தத் தாளை மேசைமேல் வையுங்கள். காற்றில் பறக்கும், என் கண்ணாடிக் கூட்டை அதன்மேல் வையுங்கள். ஆயிற்றா? இனிமேல் சாவகாசமாகப் பேசலாம். உங்களுக்குத் திரும்புகிற ரயில் நாலரைக்குத்தானே?

பெயர் என்ன சொன்னீர்கள், நப்பின்னையா? அருமையான பெயர். ஆனால் உங்கள் விசிட்டிங் கார்டில் 'நப்பினை' என்றல்லவா இருக்கிறது? ஒரு ன் விழுந்துவிட்டது. பதிப்பகத்து மேலாளருக்கே இந்தக் கதி என்றால் என்னைப் போன்ற ஆசிரியனுக்கு என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பரவாயில்லை, பேனாவால் போட்டுக்கொள்ளலாம்.

அக்கா, ரெண்டு டம்ளர் தண்ணி! பதிப்பகத்துல இருந்து வந்திருக்காங்க!

வருவாள். மெதுவாகத்தான் வருவாள், இடுப்பு சரியில்லை. என் மனைவி காலமானபின் நான் தனியாகத்தான் இருந்தேன். அத்தானும் போனதிலிருந்து அக்கா என்னோடு இருக்கிறாள். நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் பேசுவது கொஞ்சம் அச்சடித்த மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். முப்பத்தோரு வருடம் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். புரூப் ரீடர். தினமும் காலையில் இந்தக் கோவில்பட்டியிலிருந்து பஸ், சாயங்காலம் திரும்பப் பஸ். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பாட்டு நோட்டு, எல்லாம் பார்த்திருக்கிறேன். என் கையைத் தாண்டி ஒரு மணப்பெண்ணின் பெயர் தப்பாகப் போனதில்லை. ஒரு மாப்பிள்ளைக்கு மட்டும் பி.ஏ. என்பது பி.இ. ஆகிவிட்டது. அதைப் பற்றி அவர்கள் வீட்டில் யாரும் புகார் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தாளில் என்ன இருக்கிறது? 'எங்கள் வீட்டுத் தவளை என்னும் சிறுவர் நூலின் இரண்டாம் பதிப்பில், தவளை என வரும் அறுபத்தெட்டு இடங்களிலும் தவலை எனத் திருத்தவும், படங்களைப் புதிதாக வரையவும் ஆசிரியர் இசைகிறார்.' நல்ல வாக்கியம். யார் எழுதியது? ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. ஏதோ ஓர் அறக்கட்டளை தன் பள்ளிகளுக்கெல்லாம் நூல் வாங்கப்போகிறது, அவர்களுடைய வல்லுநர் குழு மூன்று பேர் கூடி, 'விருது வாங்கிய நூல்தான், ஆனால் பிழை மலிந்தது, திருத்தினால் வாங்குகிறோம்' என்று சொல்லிவிட்டார்கள். ஆவுடையப்பன் இந்தச் செய்தி கேட்டால் துள்ளிக் குதித்துக் கையெழுத்துப் போடுவான் என்று உங்கள் முதலாளி சொல்லி அனுப்பியிருப்பார். போன வருடம் வந்திருந்தால் போட்டிருப்பேன்.

தவலை என்றால் என்னவென்று தெரியுமா அம்மா, உங்களுக்கு? தயங்குகிறீர்கள். தப்பில்லை. அகன்ற வாய், குட்டைக் கழுத்து, பெருத்த வயிறு, பித்தளையில் அடித்த தண்ணீர்ப் பாத்திரம். குடத்துக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ல போட்டால் பாத்திரம். பெரிய ள போட்டால் குட்டையில் கத்துகிற பிராணி. ஓர் எழுத்து.

பணி ஓய்வு பெற்ற புதிதில் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் போய், தவலை இருக்கிறதா என்று கேட்டேன். அங்கே நின்ற பெண் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னாள். "வளக்கதுக்கா சார்? நாலு கடை தள்ளி வண்ணமீன் விக்காங்க. அங்க கேட்டுப் பாருங்க."

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தச் சொல்லை விடக் கூடாது. பிள்ளைகளுக்கு ஒரு நூல் எழுதி, அவர்கள் தலைக்குள் இதை ஏற்றிவிட வேண்டும். நாற்பது பக்கம். அறுபத்தெட்டுத் தடவை அந்தச் சொல். திரும்பத் திரும்பச் சொன்னால் மனத்தில் பதியும் என்று கணக்குப் போட்டேன். பதிந்தது அம்மா. நன்றாகவே பதிந்தது.

கதை உண்மைக் கதை. எங்கள் வீட்டில் ஒரு தவலை இருந்தது. அக்காவின் கல்யாணச் சீருக்கென்று அப்பா முன்கூட்டியே வாங்கி, கழுத்தில் 'கோ. சங்கரவடிவு' என்று பெயர் வெட்டி வைத்திருந்தார். எனக்கு அப்போது பதினோரு வயது, அக்காவுக்குப் பதினைந்து. கோவில்பட்டியில் தண்ணீர் எப்படி இருந்தது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். நாலு நாளைக்கு ஒரு தடவை குழாயில் வரும். வீட்டுக்கு இரண்டு பாத்திரம்தான் பிடிக்கலாம் என்று தெருக்காரர்கள் சட்டம் போட்டுச் சுவரில் கரியால் எழுதிவைத்திருந்தார்கள். எல்லோரும் இரண்டு குடம் கொண்டுபோனார்கள்.

நான்தான் அதைக் கவனித்தேன். சுவரில் எழுதியிருப்பது 'பாத்திரம்', 'குடம்' அல்ல. தவலையும் பாத்திரம்தானே? குடத்தைவிட ஒன்றரை மடங்கு கொள்ளுமே? அப்பாவிடம் சொன்னேன். குழாயடியில் நின்று பெரியவர்களிடமும் வாதாடினேன். பதினோரு வயதில். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலிருந்து தவலை போயிற்று. அப்பா என்னை முதுகில் தட்டிக்கொடுத்தார். சொல்லைச் சொல்லாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? அதனால்தான் நூலில் அதற்கு மூன்று பக்கம் ஒதுக்கினேன். அந்தத் தவலை கல்யாணத்துக்கு முன்பே இரண்டு இடத்தில் நசுங்கிவிட்டது, அது வேறு விஷயம்.

கைப்பிரதியை உங்கள் பதிப்பகத்துக்கு அனுப்பும்போது மேலே ஒரு குறிப்பு எழுதினேன். எனக்கு மனப்பாடம். 'இதில் ல, ள, ழ குழப்பம் ஒன்றுகூட இருத்தல் கூடாது. ஐயம் எழுந்தால் அகராதியைப் பார்க்கவும். என்னைக் கேட்க வேண்டாம்.'

கம்ப்யூட்டரில் பக்கம் கட்டிய பெண் ஜெசிந்தா. உங்களுக்குத் தெரிந்திருக்கும், சிவகாசியிலிருந்து உங்களுக்கு வேலை செய்து தருகிறாளே, அவள்தான். அவளுக்கு ஐயம் எழுந்தது. 'தவலை' என்று ஒரு சொல்லை அவள் பார்த்ததே இல்லை. கையடக்க அகராதி ஒன்றைத் திறந்தாள். அதில் தவலை இல்லை, தவளை இருந்தது. கிழவனுக்குக் கை தடுமாறிவிட்டது என்று நினைத்தாள். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பொத்தான். அறுபத்தெட்டு இடம். ஒரு நொடி.

அந்தப் பிரதி சென்னையில் இருக்கிற ஓவியருக்குப் போயிற்று. அவர் என்ன செய்வார் பாவம், தவளை என்று இருந்தது, தவளையை வரைந்தார்.

இப்போது நூலை எடுத்துப் படியுங்கள். உங்கள் கைப்பையில் இருக்கும். முதல் வரி: 'எங்கள் வீட்டுத் தவளை பித்தளையால் ஆனது.' இரண்டாம் பக்கம்: 'வெள்ளிக்கிழமைதோறும் அக்கா தவளையைப் புளி போட்டுத் தேய்ப்பாள். தேய்த்துத் தவளையைக் கவிழ்த்து வைப்பாள்.' ஏழாம் பக்கம்: 'தவளையின் வாய்க்குள் தலையை விட்டுப் பேசினால் குரல் பெரிதாகக் கேட்கும்.' அங்கே படம், ஒரு பையன் தவளை வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறான், தவளை கண்ணை உருட்டிக்கொண்டு பொறுமையாக வாயைத் திறந்து வைத்திருக்கிறது. 'வருடத்துக்கு ஒரு முறை தவளையின் வயிற்றுக்குள் ஈயம் பூச வேண்டும்.' 'தவளை கீழே விழுந்தால் ணங் என்று சத்தம் கேட்கும், தெருவே திரும்பிப் பார்க்கும்.'

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தமிழ்நாட்டில் நாலாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் சிரித்தார்கள்.

எனக்கு முதலில் வந்தது நூல் இல்லை, கடிதம். சுண்டுவிரல் விருதுக்கு உங்கள் நூல் தேர்வாகியிருக்கிறது என்று. ஐந்து நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை பிள்ளைகள் படித்துவிட்டுப் பெட்டியில் சீட்டுப் போடுவார்கள். ஓட்டுப் போட்டதற்கு அடையாளமாகச் சுண்டுவிரலில் மை. பெரியவர்கள் யாரும் நடுவர் இல்லை. கடிதத்தில் அச்சடித்திருந்தது 'எங்கள் வீட்டுத் தவளை'. கடிதம் எழுதியவருக்குத் தமிழ் தெரியவில்லை என்று நினைத்துச் சிவப்பு மையில் திருத்தி அவர்களுக்கே திருப்பி அனுப்பினேன். நன்றி என்று பதில் போட்டார்கள். நல்ல மனிதர்கள்.

அடுத்த வாரம் நூல் கட்டு வந்தது. அட்டையில் பொன்னிறத்தில் ஒரு தவளை, ஒரு பெண்ணின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. அக்காவிடம்கூடக் காட்டவில்லை. பிழையுள்ள நூலை வீட்டில் எப்படிக் கொடுப்பது? கட்டை அப்படியே கட்டி அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு ஜெசிந்தாவைப் பார்க்கப் பஸ் ஏறினேன்.

என்னவெல்லாம் பேசினேன் என்று சொல்லப்போவதில்லை, மொழி சுத்தமாகத்தான் இருந்தது. அவள் என் குறிப்பை எடுத்துக் காட்டினாள். 'என்னைக் கேட்க வேண்டாம்.' அடுத்து, ஒரு கோப்பைத் திறந்து மெய்ப்புத் தாள்களை எடுத்து வைத்தாள். நான் பார்த்துத் திருத்திக் கையெழுத்துப் போட்ட தாள்கள். நாற்பத்து மூன்று இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது, நாற்பத்து மூன்றையும் பிடித்திருந்தேன். அதில் ஒரு வரி 'தவளையை கவிழ்த்து வைப்பாள்'. தவளையை என்பதற்கும் கவிழ்த்து என்பதற்கும் நடுவில் சிவப்பு மையில், அழகான கையெழுத்தில், ஒரு க்.

"நீங்கதான் சார் போட்டீங்க," என்றாள்.

தலைப்புப் பக்கத்திலும் 'வீட்டுத்' என்பதில் த் இருக்கிறதா என்று பார்த்துச் சரி என்று குறி போட்டிருந்தேன்.

அம்மா, ஒற்றுப் பார்க்கிற கண் வேறு, சொல் பார்க்கிற கண் வேறு. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் அது புரியும். நான் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆவணம் என்பது ஆசிரியரிடம் இருக்க வேண்டியது. ஜெசிந்தா கேட்கவும் இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள், நீங்களும் மறந்துவிடலாம்.

பிறகு நான் செய்ததை எந்த எழுத்தாளனும் செய்திருக்க மாட்டான். ஓட்டெடுப்புக்கு முன்னால் ஆசிரியர்கள் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளைச் சந்திக்க ஏற்பாடு இருந்தது. மற்ற நாலு பேரும் தங்கள் நூலைப் பற்றிப் பேசினார்கள். நான் என் நூலுக்கு எதிராகப் பிரசாரம் செய்தேன். கையில் பிழைதிருத்தச் சீட்டு ஒரு கட்டு. ஒரு கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கிய நிஜத் தவலை ஒன்று. ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். என்ன கனம் தெரியுமா? வெறும் தவலை, தண்ணீர்கூட இல்லை. இரண்டு நாள் தொடை வலித்தது.

கயத்தாறு தாண்டி ஒரு பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு. தவலையை மேசைமேல் வைத்தேன். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தவளை உள்ளே இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். இல்லை என்று தெரிந்ததும் அவரவர் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நான் விடவில்லை. இதுதான் கதாநாயகன், நீங்கள் படித்தது பிழை, நூலில் தவளை என்று வரும் இடத்திலெல்லாம் இதை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அந்த வகுப்பு நூலகத்துக்குப் பொறுப்பு முத்தரசி என்று ஒரு பெண். பத்து வயது இருக்கும். ரெட்டைச் சடை, கையில் என் நூல், பக்கமெல்லாம் நைந்துபோயிருந்தது. கேட்டாள்.

"சார், இது பேசாதுல்ல?"

"உன் தவளையும் கதையில் பேசவில்லையே," என்றேன். வாதம் என்று வந்துவிட்டால் எனக்கு வயது பார்க்கத் தெரியாது.

"பேசல. ஆனா அந்த அக்கா பேசுறதக் கேட்டுக்கிட்டு இருக்குல்ல. தேய்க்கும்போது."

படத்தைக் காட்டினாள். அப்படி ஒரு வரி நான் எழுதவில்லை. ஆனால் படத்தில் அக்கா புளியும் கையுமாகக் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், தவளை தலையைச் சாய்த்துக் கேட்கிறது. அது ஓவியரின் அத்துமீறல், அதை விளக்கினேன். அந்தப் பெண் தவலையைச் சுற்றி ஒரு முறை வந்தாள். அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"பாத்திரத்தத் தேய்க்கதுல என்ன சார் கதை இருக்கு? எங்க வீட்டுல தெனமும் நாந்தான் தேய்க்கேன்."

பேச்சுக்குத் தொடர்பில்லாத கருத்து. பிள்ளைகள் அப்படித்தான், ஒன்றைப் பற்றிப் பேசினால் இன்னொன்றுக்குத் தாவிவிடுவார்கள். நான் சீட்டுகளைக் கொடுத்துவிட்டு, மற்ற நாலு நூல்களில் எதற்கு வேண்டுமானாலும் போடுங்கள், எனக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டு வந்தேன். இப்படிப் பதினான்கு பள்ளி. வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்கிற வேட்பாளரைப் பிள்ளைகள் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது.

நான் போன பதினான்கு பள்ளியிலும் எனக்குத்தான் முதலிடம். போகாத பள்ளிகளிலும் முதலிடம்தான், ஆனால் இவ்வளவு வித்தியாசம் இல்லை.

விழா திருநெல்வேலியில். போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். பிறகு ஒரு யோசனை வந்தது. ஜெயித்தவர் நூலிலிருந்து ஒரு பக்கம் மேடையில் வாசிக்க வேண்டும் என்பது விதி. நல்லது. முன்னூறு பிள்ளைகள், மைக், நான். 'தவலை' என்று சுத்தமாக வாசித்துவிட்டு, இதுதான் என் நூல், நீங்கள் பரிசளித்தது வேறு நூல், ஆகவே பரிசு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவது. உரையை எழுதியே எடுத்துப்போனேன். அக்காவையும் கூட்டிப்போனேன். கதையில் வருகிறவள் அவள், இருக்கட்டும் என்று. முன்வரிசையில் கைத்தடியோடு உட்காரவைத்தேன்.

மேடையேறினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டேன். "எங்கள் வீட்டுத் தவலை பித்தளையால் ஆனது" என்று வாசித்தேன்.

"தவளை," என்று நடுவிலிருந்து ஒரு குரல். முத்தரசி. எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது.

மறுபடி வாசித்தேன். லகரத்தில் நின்று, அழுத்தி. "எங்கள் வீட்டுத் தவ-லை."

இப்போது அரங்கத்தில் பாதி. "தவளை."

மூன்றாவது தடவை நான் 'எங்கள் வீட்டு' என்பதற்குமேல் போகவே இல்லை. மீதியை அவர்கள் சொன்னார்கள். முன்னூறு பேர், ஒரே குரலில். முப்பத்தோரு வருடம் நான் ஊரைத் திருத்தினேன். அன்றைக்கு ஊர் என்னைத் திருத்தியது. ஒன்று சொல்லியாக வேண்டும் அம்மா, அந்த ள! நுனிநாக்கு மேலண்ணத்தை வருடி வந்த ள. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர்களுக்கு வராத ள. முன்னூறு வாயில் ஒரு வாய்கூடத் தப்பவில்லை. மெய்ப்புப் பார்க்கிறவன் அதைக் குறை சொல்ல முடியாது.

உரையை நான் வாசிக்கவில்லை. தாள் சட்டைப்பையில்தான் இருந்தது. முன்வரிசையில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அத்தான் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்கு முன்பும் பார்த்ததாக ஞாபகம் இல்லை, ஆனால் நான் கவனிக்காமல் இருந்திருக்கலாம். அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று காத்திருந்தேன், அது முடிவதற்குள் கேடயத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது முத்தரசிதான். சுண்டுவிரலில் மை இன்னும் போகவில்லை. கொடுத்துவிட்டு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அடுத்த தடவ பாத்துப் படிங்க சார்," என்றாள்.

ஆக, இப்போது உங்கள் தாளுக்கு வருவோம். நாலாயிரத்துச் சொச்சம் சுண்டுவிரல் மை வைத்துக்கொண்டது எந்த நூலுக்கு? பெரிய ள போட்ட நூலுக்கு. ஓட்டை எண்ணி, ஜெயித்தவர் பெயரை அறிவித்து, மாலை போட்ட பிறகு, மூன்று பேர் குழு கூடி வேட்பாளரை மாற்றினால் அதற்கு என்ன பெயர் அம்மா? 'எங்கள் வீட்டுத் தவலை' என்ற நூலுக்கு ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை. நான்கூடப் போடவில்லை, எனக்கு ஓட்டு இல்லை. அப்படிப்பட்ட நூலின் அட்டையில் 'சுண்டுவிரல் விருது பெற்றது' என்று போடுவீர்களா? போடுவீர்கள். அது பொய். நான் பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன். வல்லுநர் குழுவிடம் சொல்லுங்கள், பித்தளையால் ஆன தவளை இருக்க முடியாது என்று எந்த இலக்கணத்தில் இருக்கிறது, காட்டட்டும். பக்கத்து ஊர்க் கோயிலில் கல்லால் ஆன யானை நிற்கிறது, யாரும் போய்த் திருத்தவில்லை.

அவ்வளவுதான் காரணம். முழுக்க முழுக்கக் கொள்கைக் காரணம். வேறு எதுவும் இல்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி, முழுமைக்காகச் சொல்கிறேன், இது காரணத்தில் சேராது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா நூலைக் கேட்டாள். முதல்முறையாகப் படிக்கிறாள். அவள் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள், குழாயில் தண்ணீர் வருகிற நேரமும் பள்ளிக்கூட நேரமும் ஒன்றாக இருந்தது, நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். அதனால் விரலை வைத்து, வரி வரியாகத்தான் படிப்பாள். கங்கைகொண்டான் வந்தபோது பதினோராம் பக்கத்தில் இருந்தாள். விரல் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. 'தவளை நிறையத் தண்ணீரோடு நாங்கள் தெரு முழுக்க நடந்து வருவோம்.'

"ஏல ஆவுடை, இந்த நாங்கள்ங்கது யாரு?"

"தன்மைப் பன்மை," என்றேன்.

"பன்மை இருக்கட்டும்ல. ஆளு யாரு?"

நான் கேடயத்தில் எழுத்துப்பிழை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை. கயத்தாறு வரை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். அங்கே பஸ் நின்றபோது அவள் அட்டையைத் திருப்பி அந்தப் பெண்ணையும் இடுப்பில் இருக்கிற தவளையையும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"லேசா இருக்குல்ல," என்றாள். "அதுவாவே குதிச்சு ஏறி உக்காந்துக்கிடும் போல. நல்லா வரஞ்சிருக்கான். தப்பு தப்புன்னு இத மாத்தித் தொலச்சிராத. மறுபடியும் என் இடுப்புல பித்தளைய ஏத்தாத."

அக்காவுக்கு இலக்கிய நுட்பம் தெரியாது. நூல் வேறு, இடுப்பு வேறு. அதைச் சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது, சத்தம்.

ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்ததில், அவள் பிடித்தது பிழைதான் என்று தெரிந்தது. ஓர் இடவழு. படர்க்கையில் சொல்ல வேண்டியதைத் தன்மையில் சொல்வது வழு, இதில் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை. நாற்பத்து மூன்று ஒற்றுகளைப் பிடித்தவன் இதை விட்டுவிட்டேன். ஜெசிந்தாவும் விட்டுவிட்டாள். ஓவியர் விடவில்லை, அவர் படத்தில் தெருவில் அந்தப் பெண் மட்டும்தான் நடக்கிறாள், பார்த்தீர்களா? அவள் பின்னால் பையன் யாரும் இல்லை. அவர் கண்ணுக்குப் பட்டிருக்கிறது.

நூலை மாற்றக் கூடாது, அது ஓட்டு வாங்கிய நூல். ஆனால் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டலாம். அதற்கு மரபு உண்டு. அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள், இதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். பக்கம் பதினொன்று, வரி நான்கு. 'நாங்கள்' என்பதை 'அக்கா' எனவும், 'வருவோம்' என்பதை 'வருவாள்' எனவும் திருத்திப் படிக்கவும். எழுதிவிட்டீர்களா? வேறு பிழை இல்லை என்றும் ஒரு வரி போடுங்கள். காட்டுங்கள். 'எனவும்' இரண்டு தடவை வர வேண்டும். சரி. பேனா?

இந்தாருங்கள்.

தண்ணீர் கேட்டு எவ்வளவு நேரமாயிற்று, இன்னும் வரவில்லையே. அக்கா!

இல்லை... அக்கா, நீ இரு. எந்திரிக்க வேண்டாம். நான் எடுத்துக்கிடுதேன்.

ஒரு நிமிடம் அம்மா. இதோ வந்துவிடுகிறேன். டம்ளரை எங்கே வைக்கிறாள் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன்.